பாப்பா மார்க் பினாயில்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் முட்டிவலி படி ஏறும்போது மட்டும்தானா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உண்டா? தைலம் தடவுகிறாயா, இல்லை ‘அது பாட்டுக்கு இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டாயா?

நான் கடிதம் போட்டு வெகு நாளாயிற்று. எழுத ஒன்றும் இல்லாததால்தான் போடவில்லை. இப்போது இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை சும்மாதானே கிடந்தது, அதில் பினாயில் தயாரிக்க ஆரம்பித்திருக்கிறேன். மருந்து எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கக் கலக்கப் பால் மாதிரி வெளுத்துக்கொண்டு வருகிறது. முதல் டிரம் வெளுத்த அன்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கட்டிலை விட்டு எழுந்து நான் ஒரு இடத்தில் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

பெயர் ‘பாப்பா மார்க்’. லேபிளில் நம் பாப்பாவின் படம். பள்ளிக்கூடத்தில் எடுத்தார்களே, இரட்டைப் பின்னலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையுமாக, அந்தப் படம்தான். காய்ச்சல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தது. ஏழு வயதில் போய்விட்ட என் மகளை இந்தத் தெருவைத் தாண்டினால் யாருக்குத் தெரியும், சொல்? இனிமேல் வீட்டுக்கு வீடு தெரியும்.

லேபிள் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் அச்சகத்துக்கு வருகிற முதலாளிகளுக்கெல்லாம் பக்குவமாக யோசனை சொல்கிறவள் நீ. எனக்கும் சொல். தம்பி என்று பார்க்காதே. லேபிள் ஒட்டுவது என் வீட்டுக்காரியின் வேலை. அவளிடமும் காட்டினேன். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி


ஜனவரி 21

என் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். நீ எழுந்து உட்கார்ந்தாய் என்கிற இடத்தைப் பேத்தியிடம் கொடுத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. அஞ்சாவதோடு நின்றவள்தான், ஆனால் இந்த ஊரில் பாதிக் கடைப் பலகைகளுக்கு எழுத்துப் பார்த்துக் கொடுத்தவள் நான். அதைக் காதாலும் கேட்கவேண்டும் போலிருந்தது. முட்டி இருக்கிறது, அதோடு நானும் இருக்கிறேன்.

யோசனை கேட்டாய். அச்சகத்தில் என்னை முன்மேஜையில் உட்காரவைத்திருப்பதே அதற்குத்தான். மகன் சொன்னால் சண்டை வரும், நான் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். போன வாரம் ஒரு பேக்கரிக்காரர் பிஸ்கட் பாக்கெட்டுக்குத் தன் மீசை வைத்த முகத்தையே போடவேண்டும் என்று வந்தார். இதைப் பார்த்தால் பிள்ளைகள் பிஸ்கட்டா தின்னும், பயந்து ஓடும் என்று மகன் என் காதைக் கடிக்கிறான். நான் அவருக்கு டீ வரவழைத்தேன். படம் நன்றாக விழுந்திருக்கிறது, எந்த ஸ்டுடியோ என்று விசாரித்தேன். மனிதர் குளிர்ந்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னேன்: “ஒண்ணே ஒண்ணுதாங்க மனசுக்குக் கேக்கல. பாக்கெட்டைப் பிரிக்கிறவன் சரியா இந்த இடத்துலதான் கிழிப்பான். தினமும் இத்தனை பேர் உங்க மூக்கைக் கிழிக்கணுமா?” அவரே படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது எனக்கு ஒரு கும்பிடு வேறு.

வியாபாரிக்குத் தன் பலகையும் லேபிளும் பெற்ற பிள்ளை மாதிரி. பிள்ளைக்கு மூக்கு சப்பை என்று தாயிடம் எவளாவது சொல்வாளா? வெயிலில் விளையாட விட்டால் இன்னும் தெம்பாக வளருமே என்றுதான் சொல்லவேண்டும். அப்படித்தான் நான்.

உன் லேபிளை வெகு நேரம் பார்த்தேன். பெயர் வாயில் நிற்கும். எழுத்துத் தடிமன் போதும். சுற்றிலும் இருக்கும் கறுப்புக் கோட்டை முதலில் எடு. அது லேபிளுக்கு ஆகாது. படத்தைப் பற்றி ஒன்று. பாட்டில் வளைவானது, படம் சிறிசு, நிறமும் இல்லை. கடை அலமாரியில் இருந்தால் முகமே தெரியாது. தெரியாத முகம் அங்கே இருந்து என்ன பயன் என்று நீயே யோசித்துப் பார். முடிவு உன்னுடையது.

அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

உன் நலத்தையே நினைக்கும்,
அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் வீட்டுக்காரி, சின்னவள் எழுதுகிறேன். நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் இருமல், பினாயில் நெடியால்தான், வேறொன்றுமில்லை.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. ஃபோன் கொட்டகையில் அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேச வழியில்லை. பதிலைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பெயருக்குப் போடுங்கள்.

அண்ணி, லேபிள் ஒட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதுகில் பசை தடவி, பாட்டிலில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கவேண்டும். நடுவில் அவள் முகம். கட்டைவிரலால் அழுத்தாமல் ஒட்டாது. உள்ளே காற்று நின்றால் கன்னம் உப்பிக்கொள்கிறது. ஊசியால் குத்தி எடுத்துவிடு என்கிறார். நான் குத்துவதில்லை. உப்பினது உப்பினபடியே அட்டைப்பெட்டியில் அடியில் வைத்துவிடுகிறேன்.

எதிர்வீட்டில் காலி பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கழிவறையில் பிரஷ் போட்டு வைத்திருக்கிறார்கள். வந்து பாருங்கள் எவ்வளவு உபயோகமாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நல்லெண்ணத்தில்தான். நான் அவள் பின்னலைப் பார்த்தேன், பின்னலுக்குக் கீழே அழுக்குத் தண்ணீர் நின்றது. தெருமுனையில் சாக்கடைக்குள் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதை எடுத்துவந்து கழுவினேன்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவர் அண்ணி. குளிக்கவைக்கக்கூட நான்தான் கையைப் பிடித்து இழுக்கவேண்டும். ஒருநாள் தானாக எழுந்து, “டிரம் ஒண்ணு வாங்கணும்” என்றார். அன்றைக்கு நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த பாட்டில்தான் அவரை எழுப்பியது. எனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் மறுபடி படுத்துவிடுவார்.

நீங்கள் சொன்னால் கேட்பார். வியாபாரத்துக்கு ஆகாது என்று சொல்லிப் படத்தை மட்டும் எடுக்க வைத்துவிடுங்கள். நான் கேட்டதாக இருக்கக்கூடாது. என்மேல் சத்தியமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
சின்னவள்


பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் இருமலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். பசை வைத்த கையோடு கண்ணைத் தொடாதே.

இதை என்னிடம் விட்டுவிடு. உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒரு முடிச்சை அவிழ்த்துவைத்திருக்கிறேன். உன் புருஷன் பிடிவாதக்காரன், ஆனால் முட்டாள் இல்லை, தானாகவே எடுத்துவிடுவான். ‘எடு’ என்கிற வார்த்தையை நான் சொல்லாமலே எத்தனையோ முதலாளிகள் எடுத்திருக்கிறார்கள். உன் பெயர் இதில் வராது.

தைரியமாக இரு.

அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மருமகன், பேத்தி எல்லாரும் நலம்தானே? எனக்குப் பசி எடுக்கிறது அக்கா, இதைவிட நல்ல சேதி வேறென்ன எழுத?

உன் யோசனை யோசனைதான். கறுப்புக் கோட்டை அன்றைக்கே எடுத்துவிட்டேன். படத்தைப் பற்றி நீ எழுதினது எனக்குச் சுருக்கென்று பட்டது. தெரியாத முகம் இருந்து என்ன பயன்? நூற்றுக்கு நூறு. அதனால் முகத்தைப் பெரிதாக்கிவிட்டேன். இப்போது பாட்டிலில் பாதி அவள்தான். ஸ்டுடியோக்காரர் நிறம் கொடுத்தார். ரிப்பனுக்குச் சிவப்பு, கன்னத்துக்கு ரோஸ். அந்தப் படத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள், முன்பல் விழுந்திருந்ததால் காட்டமாட்டேன் என்றாளாம். அவர் அதைத் திறந்து சிரிக்கவைத்துவிட்டார். பல்வரிசை முத்துமுத்தாக இருக்கிறது. பல் முளைத்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

வீட்டில் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தவள், அப்படியே சமையலறைக்குள் போய்விட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது. நான் பின்னால் போகவில்லை.

மாதிரி வைத்திருக்கிறேன். இன்னும் என்ன திருத்தலாம் என்று தாராளமாகச் சொல். உன்னை மாதிரி ஒருத்தி கிடைக்க மற்ற வியாபாரிகள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 10

என் தம்பிக்கு,

ஆயுசோடும் பசியோடும் இரு. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள், என் மூளை.

மாதிரி வந்தது. உடனே பதில் போடவில்லை, கோபிக்காதே. மேஜை இழுப்பறையில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

வேலை சுத்தம். நிறம் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுந்திருக்கிறது. உங்கள் ஊர் அச்சகத்தில் இப்படி அடிக்கிறார்களே என்று என் மகனுக்கே பொறாமை. எனக்கு ஒரு சின்ன பயம். பினாயில் விஷமில்லையா? குழந்தைப் படம் போட்டதைக் குழந்தைகள் பாலோ மருந்தோ என்று நினைத்து வாயில் வைத்துவிடும். பார்க்கவும் பால் மாதிரி என்று நீயே எழுதியிருந்தாய். பிள்ளை வைத்திருக்கிற தாய் ஒருத்தியும் இந்த பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகப் பயப்படுவாள். அதோடு, இது கழிவறைக்குப் போகிற சாமான். அங்கே எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்று ஒன்று இருக்கிறது.

பெயர் அப்படியே இருக்கட்டும். படத்துக்குப் பதில் வேறு ஏதாவது. எங்கள் ஓவியரிடம் சொல்லி ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். சுத்தமான ஒரு வீடு, கதவு திறந்திருக்கிறது, உள்ளே தரை பளபளக்கிறது. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். வீட்டைப் பார்த்தாலே பினாயில் வாங்கத் தோன்றும். உனக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்.

சின்னவளைக் கொஞ்ச நாள் இங்கே அனுப்பேன். அவள் கையால் ஒரு டீ குடித்து எவ்வளவு நாளாயிற்று.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பேத்திக்கு என் ஆசிகள். எல்லாரும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் அப்படியே.

உன் பயம் நியாயமானது. எனக்கு அது தோன்றாமல் போனதே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ‘குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டாயிற்று. அவள் படத்துக்குக் கீழேயே வருகிறது, கண்ணில் படாமல் போகாது.

வீட்டுப் படம் பிரமாதம். உங்கள் ஓவியருக்கு என் வணக்கத்தைச் சொல். நீ சொன்னபடியே லேபிளை மாற்றிவிட்டேன். கதவு திறந்திருந்த இடம்தான் கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. அங்கே பாப்பாவை நிற்கவைத்துவிட்டோம். முகம் மட்டும் இருந்ததற்கு இப்போது முழு உருவமும் வந்துவிட்டது, உடம்பை ஸ்டுடியோக்காரர் வரைந்து சேர்த்தார். வீட்டு வாசலில் நிற்கிறாள் அக்கா. முதல் மாதிரி கைக்கு வந்ததும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இதுதான் லேபிள், இனி ஒன்றும் மாற்றவேண்டாம் என்று பட்டது.

கழிவறைக்கு மட்டுமில்லை, தரைக்கும் ஊற்றலாம் என்று கடைக்காரர்களிடம் சொல்லிவருகிறேன்.

இப்போது அவளை அனுப்ப முடியாது. ஒட்ட ஆள் இல்லை. அவள் மாதிரி நேராக யாரும் ஒட்டமாட்டார்கள்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். உங்கள் கடிதம் நாலு மாதமாக இல்லை. தையல்காரம்மாவிடம் தினமும் கேட்டுக் கேட்டு அந்தம்மாவே என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிடுகிறார்கள். உங்கள் முட்டிவலி அதிகமாகிவிட்டதோ என்று கவலை.

புது லேபிள் பார்த்திருப்பீர்கள். வாசலில் நிற்கிறாள். வருகிறாளா போகிறாளா தெரியவில்லை. உடம்பு அவளுடையது இல்லை. அவளுக்குத் தோள் இப்படி இருக்காது.

தெருவில் கிடக்கிற காலி பாட்டில்களை எடுத்து வந்து கழுவிக் குளியலறையில் அடுக்குகிறேன். லேபிளை ஊறவைத்து உரித்துப் பார்த்தேன், துண்டு துண்டாகத்தான் வருகிறது. அதனால் உரிப்பதில்லை, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன். பழைய சாமான்காரர் சாக்கில் இருப்பதையும் கேட்டு வாங்குகிறேன். எனக்கு இங்கே பாட்டிலம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழாயடியில் ஒருத்தி கேட்கிறாள், “இன்னிக்கு எத்தனை பாப்பா கிடைச்சுது?” விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள். அவள் இந்தத் தெருவுக்குப் புதிது. இரண்டு என்று பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் குளியலறையைப் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “பரவாயில்லையே, மறுபடி நிரப்பலாம்னு சேர்க்கிறியா? எனக்கு இது தோணலையே” என்றார். தோளில் தட்டிக் கொடுத்தார்.

அண்ணி, பக்குவமெல்லாம் போதும். நேராகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். வந்தது வரட்டும்.

சின்னவள்


ஜூன் 15

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதுவரை உனக்கு எழுதினதெல்லாம் கடைக்காரனுக்கு எழுதினது. கோடு, நிறம், விஷம், வீடு எல்லாம் சுற்றிவளைத்தது. நான் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்று. பாப்பா படத்தை எடு.

உன் பெண்டாட்டியால் அதைத் தாங்க முடியவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைத் தினமும் பசை போட்டு அழுத்துகிறாள். அதே முகம் கழிவறையிலும் சாக்கடையிலும் கிடப்பதைப் பார்க்கிறாள். அவள் பாட்டில் பொறுக்குவது மறுபடி நிரப்புவதற்கு இல்லை. அவற்றை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள் என்று போய்ப் பார். நீ மறுபடி படுத்துவிடுவாய் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

படுக்காதே. படத்தை எடுத்துவிட்டு வேலையைப் பார். பெயர் இருக்கிறது, சரக்கு நல்ல சரக்கு. உன்னால் முடியும்.

அக்கா


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன. அன்றே லேபிள் கட்டுகளை எடுத்து எரித்துவிட்டேன். அவளிடம் ஒன்றும் பேசவில்லை. புது லேபிளில் எழுத்து மட்டும்தான், நீல எழுத்து. நீ பார்த்தால் சுத்தமாக இருக்கிறது என்பாய்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. படத்தை ஏன் எடுத்தாய் என்று கடைகளில் கேட்பார்களே, என்ன சொல்வது என்று எனக்கு ஒரே குழப்பம். வீட்டில் விருப்பமில்லை என்று சொல்லலாமா, குடும்ப விஷயம் என்று விட்டுவிடலாமா என்று நடந்துகொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சரக்கைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனேன். மளிகைக்காரர் பெட்டியை எண்ணி இறக்கிவைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கடையிலும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி சாமான் அறையில், துணிக்கடையில், எங்கேயும் கேட்கவில்லை. கடைசியில் நானே மளிகைக்காரரிடம் திரும்பிப் போய், லேபிள் மாற்றியிருக்கிறேன், கவனித்தீர்களா என்றேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன மாத்தினீங்க? விலையா?”

“படம் இருந்துச்சே.”

“படமா? ஏதோ பொம்மை இருந்த மாதிரி இருந்துச்சு. அதை விடுங்க, மூடியைக் கொஞ்சம் இறுக்கமாப் போடுங்க, ஒழுகுது.”

அவர்மேல் தப்பில்லை அக்கா. அவருக்கு ஆயிரம் பாட்டில்.

சரக்கு முன்பைவிடக் கொஞ்சம் கூடவே போகிறது. நீ சொன்ன மாதிரிதான். சரக்கு நல்ல சரக்கு.

தம்பி


அக்டோபர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கவேண்டும். எனக்கு இருமல் நின்றுவிட்டது. கொட்டகை மூடிக் கிடக்கிறதல்லவா, அதனால்தான்.

உங்களுக்குக் கடைசியாகக் கடிதம் போட்டுவிட்டு வந்து படுத்தவர்தான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் காற்றோட்டமாக இருக்கச் சொன்னார். ஜன்னலைத் திறந்து வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமாகவாவது நாலு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுகிறார்.

கடைக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். கலக்கும் விதம் எனக்குத் தெரியும். நானே கலக்கிவிடுவேன்.

அண்ணி, உங்களிடம் அந்த மாதிரிகள் இருக்குமே. வாசலில் நிற்கிறது இல்லை, அதற்கு முந்தினதும் இல்லை. முதல் முதலில் அனுப்பினாரே, சின்னதாக, கறுப்பு வெள்ளையில், அந்தப் படம். அதை வைத்து உங்கள் அச்சகத்தில் எனக்குக் கொஞ்சம் லேபிள் அடித்து அனுப்புங்கள். நானே ஒட்டுகிறேன். காற்று நின்றால் ஊசியும் குத்திக்கொள்கிறேன். அதைப் பார்த்தாவது எழுந்து வருவார். உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும் யோசனை எதுவும் சொல்லாமல் அனுப்பிவிடுங்கள்.

உங்கள்,
சின்னவள்


நவம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. பிரித்ததும் கடிதம் இருக்கிறதா என்று காகிதத்தை உதறி உதறிப் பார்த்தேன். இல்லை. நான்தான் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தேன், தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அச்சு நன்றாக வந்திருக்கிறது. கறுப்புக் கோட்டையும் எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

ஒரு டிரம் கலக்கினேன். வெளுத்தது. பாட்டிலில் ஊற்றி, லேபிள் ஒட்டி, அவர் கண்ணில் படும்படி கட்டிலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தார். அடுப்படியில் இருந்தவள் ஓடி வந்தேன். ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தார். விரலால் துடைத்தார். வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“இதை யாரு பாக்கப் போறா?”

சத்தமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள் அண்ணி. நேராகவே எழுதுங்கள். தெரியாவிட்டால் எழுதவேண்டாம், நான் புரிந்துகொள்கிறேன்.

குளிர ஆரம்பித்துவிட்டது. முட்டியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

சின்னவள்